முதுமைக்கு ரசம் சாதம் மட்டும் போதாது

"வயசாயிடுச்சு, வயித்துக்கு லேசா இருந்தாப் போதும்" என்று காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி என முடித்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் ஏராளம். வயிறு நிறைகிறது; ஆனால் மூன்று வேளையும் சேர்த்து 25 கிராம் புரதம் கிடைப்பதே அரிது.

தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வயதுவந்தோருக்கு வகுத்த அளவு, நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள் முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள். முதிய தசை புரதத்தை எளிதில் ஏற்பதில்லை என்பதே காரணம். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 கிராமாவது தேவை.

என்ன ஆபத்து?

உணவில் வராத புரதத்தை உடல் தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறைந்து கொழுப்பு சேரும். எடை மாறாததால் தசை குறைந்தது வெளியே தெரியாது. நோய் எதிர்ப்பு தளரும், புண் ஆறத் தாமதமாகும், தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால், தசை வலு குறைந்திருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 6 கிராம் புரதம் உண்டு. கெட்டிப் பருப்பு, தயிர், மீன் என மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை மசித்துத் தரலாம். உடன் நடையும் எளிய உடற்பயிற்சியும் இருந்தால்தான் தசை தேறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. புரதப் பவுடரையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

உரிமை என்ன?

தமிழக ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்; கேட்டு வாங்குங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, உணவையும் மருத்துவத்தையும் பராமரிப்பின் பகுதியாகவே வைத்திருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழிகாட்டுதலுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் உள்ளது.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் "சாப்பிட்டாச்சா?" என்பதோடு நிறுத்தாமல், "என்ன சாப்பிட்டீங்க?" என்றும் கேளுங்கள்.