கரப்பான் வளர்ப்பு: பல்லிக்குத் தீனி, நமக்குப் பாடம்

கரப்பான் பூச்சியைக் காசு கொடுத்து வாங்கி வளர்ப்பாங்களா என்று கேட்காதீங்க. வீட்டில் லெப்பர்ட் கெக்கோ பல்லி வளர்ப்பவர்களுக்கு அதுதான் தீனி. சமையலறையில் ஓடுவதைப் பிடிச்சுப் போடக்கூடாது. அது பூச்சிமருந்தைத் தின்றிருந்தால் பல்லிக்கும் ஆபத்து.

இதற்கென வளர்ப்பது தென் அமெரிக்காவைச் சேர்ந்த டூபியா கரப்பான். வழுவழுப்பான சுவரில் இதனால் ஏற முடியாது. எனவே, ஆழமான பிளாஸ்டிக் பெட்டியே போதும். மூடியில் துளையிட்டு வலை ஒட்டுங்கள். உள்ளே முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்குங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாகப் பெருகும். கேரட், ஆரஞ்சு, உலர்தீனி கொடுக்கலாம். மிச்சத்தைப் பூசணம் பிடிக்கும் முன்னே எடுத்துடுங்க.

பெண் டூபியா முட்டைக்கூட்டை உடலுக்குள்ளேயே அடைகாத்து, குஞ்சுகளை ஈனும். குஞ்சுகள் பலமுறை தோலுரித்து வளரும்; கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. மாணவர்களே, ‘முழுமையற்ற உருமாற்றம்’ என்று தேர்வில் எழுதுவது இதைத்தான்.

பல்லியின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். கால்சியம் தூள் தூவிப் போடுங்க; கால்சியம் குறைந்தால் பல்லியின் எலும்பு வளைந்துவிடும். எச்சத் தூசு சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டாம். வளர்த்தது போதுமென்று வெளியில் விட்டுடவும் கூடாது.