பாலைவனத்தில் நம் தமிழ் வீரர்கள்

போர் என்றவுடன் பீரங்கியும் விமானமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் மணலில் மண்டியிட்டு, கண்ணிவெடிகளைத் தேடி எடுத்துப் பிறருக்கு வழி அமைத்தவர்களும் வீரர்களே. இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அப்பணியைச் செய்தவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1780-இல் நம் புனித ஜார்ஜ் கோட்டையில் தோன்றி, பின்னர் பெங்களூருக்குச் சென்றது மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படை. இவ்வீரர்களைப் படையில் அன்போடு ‘தம்பி’ என்றே அழைப்பர். 4-ஆவது இந்திய டிவிஷனுடன் இவர்களும் கடல் கடந்து சென்றனர். 1940 டிசம்பரில் எகிப்திலுள்ள சிடி பரானியில் தொடங்கி, 1943 மே மாதம் துனிசியாவில் எதிரிப் படைகள் சரணடையும் வரை அந்த டிவிஷன் பல களங்களைக் கண்டது.

பாலைவன வாழ்க்கை எளிதன்று. பகலில் கொளுத்தும் வெயில். இரவில் நடுக்கும் குளிர். ‘கம்சின்’ என்னும் மணற்காற்று வீசினால் எதிரில் நிற்பவர் முகமும் தெரியாது. குடிக்க, சமைக்க, முகம் கழுவ எல்லாவற்றிற்கும் அளந்து கொடுத்த தண்ணீர்தான். ஏரியும் கிணறும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது எத்தகைய சோதனை!

கண்ணிவெடியை அகற்றும் முறையைக் கேட்டால் நெஞ்சு நடுங்கும். மின்கருவியின் ஒலியைக் கொண்டோ, துப்பாக்கிமுனைக் கத்தியால் மணலைச் சாய்வாகக் குத்திப் பார்த்தோ வெடியைக் கண்டுபிடிப்பர். செப்பனிட்ட வழியின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டுவர். பின்னால் வருவோரின் உயிர் அந்த நாடாவை நம்பியே இருந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் இப்படையைச் சேர்ந்தவரே. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் பாய்ந்து, தம் உயிரைக் கொடுத்து உடனிருந்தோரைக் காத்தார். மறைவுக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

இவ்வீரர்களின் உள்ளத்தை நாம் எவ்வாறு அறிவது? அவர்கள் வீட்டிற்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தனர். சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கைகளாகத் தொகுத்தனர். அவ்வறிக்கைகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1943-ஆம் ஆண்டு அறிக்கைகளில், குண்டுகளைப் பற்றிய அச்சத்தைவிட, ஊரில் அரிசி கிடைக்கிறதா, பிள்ளைகள் உண்டார்களா என்னும் கவலையே மேலோங்கி நிற்கிறது. ஆனால், தாய்மொழியில் எழுதிய மூலக் கடிதங்களுள் பெரும்பாலானவை இன்று இல்லை.

எகிப்திலுள்ள எல் அலமைன் கல்லறைத் தோட்டத்தில் 7,240 வீரர்கள் துயில்கின்றனர். அவர்களுள் 815 பேர் யாரென்று தெரியவில்லை. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பெற்ற 600-க்கும் மேற்பட்டோருக்கு அங்கே தனி நினைவுச்சின்னம் உண்டு. நம் ஆழ்வார்பேட்டையிலிருந்து கிண்டி வழியாகச் சென்றால், நந்தம்பாக்கத்தில் அதே போரில் மாண்ட 856 பேரின் கல்லறைகளைக் காணலாம்.

தோழியரே! நம் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலும் ஒரு கடிதமோ, மணல் நிற நாடாவின் நடுவே சிவப்புப் பட்டை கொண்ட ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’ பதக்கமோ இருக்கலாம். அதற்குரியவர் யார் என்று பெரியோரிடம் கேட்டு, பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். பெயர் தெரியாத வீரர்களின் பட்டியல் நம்மால் நீள வேண்டாம்.