நோயாளியின் உள்ளத்தை அளத்தல்

உடலின் வெப்பத்தை அளக்க உஷ்ணமானி உண்டு. இரத்தத்தில் கலந்துள்ள சர்க்கரையின் அளவை ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே சில விநாடிகளில் அறிந்துவிடலாம். ஆனால், அதே நோயாளி நாளைய தினத்தைப் பற்றி நம்பிக்கையோடு இருக்கின்றாரா, வீட்டாருக்குத் தாம் ஒரு பாரம் என்று எண்ணி வருந்துகின்றாரா என்பவற்றை அறிய எக்கருவியும் இல்லை. அவரைக் கேட்பது ஒன்றே வழி. கேட்கும் முறையை ஒழுங்குபடுத்தி, கிடைக்கும் விடைகளை எண்களால் குறிக்கும் துறை சென்ற எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்படியே வளர்ந்து வந்துள்ளது. கிராமங்களில் படிவங்களை நிரப்பும் பணியாளருக்கும் இன்று இத்துறையில் பங்கு உண்டு. ஆதலின் அதன் அடிப்படைகளை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

மருத்துவர் கண்ட அளவு

1948-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமைப்புச் சட்டம், நோயின்மை மட்டுமே ஆரோக்கியம் ஆகாது என்றும், உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் நன்னிலையில் இருத்தலே ஆரோக்கியம் என்றும் வரையறுத்தது. அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவரான கார்நோவ்ஸ்கியும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குறையேதுமின்றி நடமாடுபவருக்கு 100, இறந்தவருக்கு 0 என அது வகுத்தது. நோயாளி தம் வேலையைத் தாமே செய்துகொள்கின்றாரா, பிறர் துணையை நாடுகின்றாரா என்பதைக் கொண்டு இடைப்பட்ட எண்கள் இடப்பட்டன. இவ்வளவுகோல் இன்றும் பயனில் உள்ளது. எனினும், எண்ணை இடுபவர் மருத்துவரே. நோயாளி தம் நிலையைப் பற்றி யாது கருதுகின்றார் என்பதற்கு அதில் இடமில்லை.

மூவர் தந்த மூன்று விடைகள்

மருத்துவரின் கருத்தும் நோயாளியின் கருத்தும் ஒன்றாகவே இருக்கும் என்று கொண்டால் இது குறையாகாது. ஆனால் அவை வேறுபடுகின்றன என்பதைப் பிரிட்டனில் நடைபெற்று 1982-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டிற்று. இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்டுவந்த 75 பேரைப் பற்றி மூன்று தரப்பினரிடம் வினவப்பட்டது. மருத்துவர்கள் அனைவரது நிலையும் சீர்பட்டுள்ளது என்றனர். இரத்த அழுத்தம் குறைந்திருந்தது அன்றோ! நோயாளிகளிலோ ஏறத்தாழப் பாதிப் பேரே தாம் முன்னிலும் நலம் என்றனர். உடன் வாழும் உறவினரோ, ஏறக்குறைய எல்லோரது நிலையும் முன்னைவிடத் தாழ்ந்துவிட்டது என்று விடையளித்தனர். ஒரே நோயாளியைப் பற்றிய விடைகளே இவை. உறவினர் கண்ட சோர்வும் எரிச்சலும் அழுத்தமானியில் தோன்றுவன அல்ல.

1986-இல் அமெரிக்காவில் 626 ஆடவரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. மூன்று வேறு மருந்துகள் இரத்த அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவில் கட்டுப்படுத்தின. ஆயினும், உண்டவர்களின் மனநிறைவிலும் அன்றாட வாழ்விலும் அவை வேறுபட்ட விளைவுகளைத் தந்தன. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியின் அனுபவத்தையும் ஒரு சான்றாகக் கொள்ள வேண்டும் என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

உடல்நோயும் மனச்சோர்வும்

மனச்சோர்வை அளக்க ஹாமில்டன் 1960-இலும், பெக் 1961-இலும் அளவுகோல்களை வகுத்தனர். பசியின்மை, உறக்கமின்மை, எடை குறைதல், களைப்பு ஆகியவை அவற்றில் மனச்சோர்வின் அறிகுறிகளாக எண்ணப்படுகின்றன. காசநோயாளிக்கோ புற்றுநோயாளிக்கோ இவை உடல்நோயினாலேயே தோன்றலாம். அவ்வாறாயின், மனம் தளராத நோயாளியும் மனச்சோர்வுற்றவராகக் கணக்கிடப்படக் கூடும்.

இவ்விடரை நீக்கும் பொருட்டு ஜிக்மண்ட், ஸ்னெய்த் என்னும் இருவர் 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே தனி வினாப்பட்டியல் ஒன்றை அமைத்தனர். அதில் 14 வினாக்கள் உள்ளன: மனப்பதற்றத்துக்கு ஏழு, மனச்சோர்வுக்கு ஏழு. உடல்நோயினால் விளையக்கூடிய அறிகுறிகள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டு, முன்பு மகிழ்ச்சி தந்தவை இன்றும் மகிழ்ச்சி தருகின்றனவா என்பது போன்ற வினாக்களே கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் உயர்ந்த எண் 21. ஒரு பகுதியில் 8 முதல் 10 வரை வரின் ஐயத்துக்கு உரியது. 11-உம் அதற்கு மேலும் வரின் மேற்பரிசோதனை தேவை.

மனச்சோர்வுற்றவர் மருத்துவர் கூறிய மருந்துகளை உட்கொள்ளத் தவறுவது, ஏனையோரை நோக்க மூன்று மடங்கு மிகுதி என்று 2000-ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டனர். ஆகவே மனநிலையைக் கவனியாது விட்டால் உடலுக்கு அளிக்கும் சிகிச்சையும் வீணாகக் கூடும்.

வாழ்வின் தரம்

வாழ்க்கைத் தரம் என்னும் சொல் வருவாயையும் வசதியையும் குறிப்பதாகவே வழக்கில் உள்ளது. மருத்துவத்தில் அது குறிப்பது வேறு. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டின் நடுவே, தம் நோக்கங்களையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு தம் வாழ்வை எவ்வாறு மதிக்கின்றார் என்பதே அது. உலக சுகாதார ஸ்தாபனம் 1991-இல் இதற்கென ஓர் அளவுகோலை அமைக்கத் தொடங்கியது. ஒரு நாட்டில் எழுதியதைப் பிற நாடுகளுக்கு மொழிபெயர்ப்பதற்கு மாறாக, 15 மையங்களில் ஒரே காலத்தில் வினாக்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் புது டில்லியும் சென்னையும் அடங்கும். 100 வினாக்கள் கொண்ட அப்பட்டியலினின்று பின்னர் 26 வினாக்கள் கொண்ட சுருக்கப்பட்டியல் வகுக்கப்பட்டது. உடல், உள்ளம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்னும் நான்கு பகுதிகளும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. வலி முதலியவற்றைப் பற்றிய மூன்று வினாக்களில் உயர்ந்த எண் தாழ்ந்த நிலையைக் குறிக்குமாதலின், கூட்டுமுன் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் மொத்தக் கணக்கே பிழைபடும்.

சொல்லும் பொருளும்

இத்தகைய பட்டியல்களில் ஒரு சொல் பிறழ்ந்தால் அளவும் பிறழும். மருத்துவமனைப் பட்டியலின் ஆங்கில மூலத்தில், வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சிகள் படபடப்பதைப் போன்ற அச்சம் பற்றிய வினா ஒன்று உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், கேட்பவர் திகைப்பார். அன்றேல் செரிமானக் கோளாறு என எண்ணுவார். அதே அச்சத்தைத் தமிழர் வயிற்றில் புளியைக் கரைத்தாற்போல் இருக்கிறது என்பர். ஆதலின் ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தை அறியாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு, பின்னர் சாதாரண மக்களிடம் படித்துக் காட்டித் திருத்துவது முறையாயிற்று.

விடைச் சொற்களுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். 'சற்று', 'ஓரளவு', 'மிகவும்' என்பவற்றிடையே உள்ள தொலைவு மொழிக்கு மொழி வேறுபடும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வில், மக்களிடம் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கோட்டைத் தந்து, ஒவ்வொரு சொல்லும் கோட்டில் எங்கே நிற்கும் என்று குறிக்கச் செய்தனர். கால், அரை, முக்கால் தூரத்தில் நின்ற சொற்களே விடைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

30 வயது நிரம்பியோரைப் பற்றி ஆஷா பணியாளர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் மனநிலை பற்றிய இரு வினாக்கள் உள்ளன. இவை 2001-இல் வெளியான ஒன்பது வினாப் பட்டியலின் முதலிரு வினாக்களாம். கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்ததுண்டா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்ததுண்டா என்பன அவை. இரு வாரம் என்பதை மனத்தில் கொள்ள இயலாதவருக்குச் சென்ற அமாவாசையையோ பௌர்ணமியையோ நினைவூட்டலாம்.

வினாக்களைத் தனிமையில் கேட்க வேண்டும். மாமியாரோ கணவரோ அருகில் இருந்தால் மருமகளின் விடை அவளுடையதாக இராது. அச்சிட்ட சொற்களை அவ்வாறே படிக்க வேண்டும். 'கவலை ஒன்றுமில்லையே?' என்று கேட்பது விடையைத் தானே சொல்லிக் கொடுப்பதாகும். முகத்தைப் பார்த்து ஊகித்து எண் இடுவதும் தவறு.

ஒன்பது வினாப் பட்டியலின் இறுதி வினா, உயிர்வாழ்வதை வெறுக்கும் எண்ணத்தையும் தமக்குத் தாமே தீங்கிழைக்கும் எண்ணத்தையும் பற்றியது. மொத்த எண் எவ்வளவு குறைந்திருப்பினும், இதற்கு 'இல்லை' என்பதன்றி வேறு விடை வந்தால், அவரைத் தனியே விடாது அன்றைக்கே மருத்துவ அதிகாரியிடம் சேர்ப்பிக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

பள்ளிச் சிறுவர்

பெரியோருக்கான பட்டியலைச் சிறுவரிடம் பயன்படுத்தலாகாது. அவர்களுக்கெனத் தனிப் பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் நன்கறியப்பட்ட ஒன்றில் 23 வினாக்கள் உண்டு. உடல், உணர்ச்சி, தோழமை ஆகியவற்றுடன் பள்ளி வாழ்வும் அதில் ஒரு பகுதி. சிறுவரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே வினவப்படுகின்றது. இருவர் விடையும் பலகால் ஒவ்வா. நீரிழிவோ இழைப்பு நோயோ உள்ள மாணவன் பாடத்தில் பின்தங்கினாலும் விளையாட்டில் ஒதுங்கினாலும், ஆசிரியர் அதைச் சோம்பல் என்று தீர்மானியாது அவனையே விசாரித்தறிதல் வேண்டும்.

உஷ்ணமானி காய்ச்சல் உண்டு என்று காட்டுமேயன்றி, இன்ன நோய் என்று கூறாது. இவ்வெண்களும் அத்தகையனவே. நோயை முடிவு செய்வது பயிற்சி பெற்ற மருத்துவரின் கடமை. எண் உயர்ந்திருப்பதைக் கண்டவர் அதை உரியவரிடம் தெரிவித்து, நோயாளி சென்று சேர்ந்தாரா என்று மறுமுறையும் விசாரித்தல் வேண்டும். அதுவரை செய்தால்தான் படிவம் நிரப்பிய வேலை முடிந்ததாகும்.