வேட்டைக்காரர் நடந்த வழியும் உயரத்திற்குத் தேகம் பழகும் விதமும்

திருவனந்தபுரத்தில் காந்தளூர்ச் சாலை மகாதேவர் கோயிலை அடுத்து அமைந்துள்ள வலியசாலை, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். அங்கிருந்து கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவுதான். அத்தெருக்களில் பிறந்து வளர்ந்த ஒருவரின் தேகம், ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமமான காற்றழுத்தத்திலேயே பழகியிருக்கிறது. அவர் இன்று விமானமேறினால், டில்லி வழியாக மறுநாள் காலையே லடாக்கிலுள்ள லே நகரில் இறங்கிவிடலாம். அந்நகரின் உயரம் சுமார் 3,500 மீட்டர். அங்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுவே உள்ளது. ஆயினும் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கேயாதலால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயுவின் அளவு அவ்விகிதத்தில் குறைந்துவிடுகிறது. அன்று மாலையே தலைவலியும், குமட்டலும், உறக்கமின்மையும் தோன்றக்கூடும்.

இத்தகைய பிரயாணத்திற்கு ஆயத்தம் செய்வோரிற் பலர், கால்வலிமையைப் பெருக்கிக்கொண்டால் போதுமென்று எண்ணுகின்றனர். தென்னாட்டு மலைகளில் அடைந்த அனுபவமே இவ்வெண்ணத்திற்குக் காரணம் எனலாம். திருவனந்தபுரத்திற்கு அண்மையிலுள்ள அகத்தியகூடம் 1,868 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியும் 2,695 மீட்டரே. 1862-இல் டக்ளஸ் ஹாமில்டன் என்ற சென்னை இராணுவ அதிகாரி அதன்மீது ஏறியதாகக் குறிப்பு உள்ளது. வரையாடுகளை நாடி அப்புல்வெளிகளுக்குச் சென்ற வேட்டைக்காரர்களை வருத்தியவை மழை, மூடுபனி, அட்டை, வழுக்குப்பாறை ஆகியவையே. உயரநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்குவோரையே பற்றுகிறது. ஆகவே, ஆனைமுடிக்கு ஏறி அன்றே கீழிறங்கியவர் அந்நோயை அறிய வாய்ப்பில்லை. அகத்தியகூடத்தில் ஏறுவது கால்களுக்கு நல்ல பயிற்சி. பிராணவாயுக் குறைவுக்கு அது பயிற்சியாகாது.

இமயமலைக்கு அப்பால் வேட்டைக்குச் சென்றவர்களின் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐபெக்ஸ் என்னும் காட்டாட்டையும், நியான் என்னும் பெருங்கொம்புச் செம்மறியையும் தேடி ஐரோப்பியர் பலர் லடாக்கிற்குச் சென்றனர். 1,585 மீட்டர் உயரமுள்ள ஸ்ரீநகரில் கூலியாட்களையும் மட்டக்குதிரைகளையும் அமர்த்திக்கொண்டு, இரண்டு வாரத்திற்கும் அதிகமாக நடந்தே அவர்கள் லே நகரை அடைந்தனர். அவ்வழியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. முதலில் 3,528 மீட்டர் உயரமுள்ள ஸோஜி கணவாய். பின்னர் 2,676 மீட்டரிலுள்ள கார்கிலுக்கு இறக்கம். மீண்டும் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு கணவாய்க்கு ஏற்றம். அதன்பின் சிந்து நதிப் பள்ளத்தாக்கு. பகலில் உயரத்திற்கு ஏறி, இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்கவேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் கூறும் விதியை, நிலத்தின் அமைப்பே அவர்களைக் கடைப்பிடிக்கச் செய்தது. விலங்கின்மேல் அவர்கள் குறிவைக்கும் நாளில், அவர்களுடைய தேகம் தானாகவே பழகிவிட்டிருந்தது.

எனினும் அவ்வுபாதை அந்நாளில் அறியப்படாததன்று. பதினாறாம் நூற்றாண்டில் லடாக்கின்மீது படையெடுத்த மிர்சா முகம்மது ஹைதர், வெளியூராரையும் குதிரைகளையும் பற்றும் ‘தம்கிரி’ என்னும் மூச்சடைப்பைத் தமது வரலாற்று நூலில் விவரித்துள்ளார். இதற்குக் காரணம் பிராணவாயுவின் அழுத்தக் குறைவே என்பதை 1878-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் நிலைநாட்டினார்.

நடையின் இடத்தை விமானம் பற்றிக்கொண்டபோது நிலைமை மாறிற்று. 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவுடன் தமது டகோடா விமானத்தை லேயில் முதன்முதலாக இறக்கினார். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது சமவெளியிலிருந்த படைவீரர்கள் மிக விரைவில் மலை முகப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். திடகாத்திரமான இளைஞர்கள் சண்டையின்றியே மூச்சுத்திணறி வீழ்ந்தனர். முன்பு நிமோனியா என்று கருதப்பட்ட இந்நோய், உண்மையில் நுரையீரலில் நீர் கோத்தலே என்பதை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் 1960-இல் விளக்கியிருந்தார். இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 படைவீரர்களிடம் உயரநோயை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மேற்கோளாயிற்று.

தேகம் பழகுவது எங்ஙனம்? முதலில் சுவாசம் ஆழமாகவும் விரைவாகவும் நிகழ்கிறது. இதனால் கரியமிலவாயு மிகுதியாக வெளியேற, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அது மூச்சின் வேகத்தைத் தடுக்கிறது. சிறுநீரகங்கள் சில நாட்களில் அதிகப்படியான காரத்தை வெளியேற்றிய பின்னரே சுவாசம் தடையின்றிப் பெருகுகிறது. அசிட்டசோலமைடு என்ற மருந்து இவ்வேலையையே விரைவுபடுத்துகிறது. எனினும் சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதோர் முதலானோருக்கு அது தீங்கு செய்யலாமாதலால், மருத்துவர் ஆலோசனையின்றி அதனை உண்ணலாகாது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ பல வாரங்கள் தேவை. இவற்றில் எதையும் தசைவலிமையால் விரைவுபடுத்த இயலாது. வலிமையுடையவர் வேகமாக ஏறிவிடுவதால், சில சமயங்களில் அவருக்கே ஆபத்து மிகுதி.

இந்திய இராணுவம் வகுத்துள்ள முறையில் 2,700 முதல் 3,600 மீட்டர் வரையுள்ள முதற்கட்டத்திற்கு ஆறு நாட்கள். முதலிரு நாட்கள் முழு ஓய்வு. அடுத்த இரு நாட்கள் மெதுவான குறுநடை. இறுதி இரு நாட்கள் சற்று நீண்ட நடையும் சிறிய ஏற்றமும். அதற்குமேல் 4,500 மீட்டர் வரை நான்கு நாட்கள், அதற்கும் அப்பால் மேலும் நான்கு நாட்கள். படையினரல்லாத மலையேறிகளுக்கு, 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதிருத்தலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்குதலும் விதியாகும். மதுவும் தூக்கமருந்தும் விலக்கத்தக்கவை.

இப்போது அம்மலைகளில் துப்பாக்கிக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், காஷ்மீரத்திற்கென 1978-இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமும் வேட்டையை நிறுத்தின. இரவிகுளத்தின் வரையாடுகளை இன்று மக்கள் கண்ணால் கண்டு திரும்புகின்றனர். லடாக்கிலும் அவ்வாறே தூரதரிசினியும் புகைப்படக் கருவியும் கொண்டு செல்வோர் மிகுந்துள்ளனர். ஆயினும் ஐபெக்ஸ் நிற்கும் பாறை அன்றிருந்த உயரத்திலேதான் இருக்கிறது. அங்கு செல்வோரோ இரண்டு வாரங்களுக்குப் பதில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகின்றனர்.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சுவாங்குதல், இருமலில் நுரைத்த சளி, உதடு நீலமாதல், நேர்கோட்டில் நடக்க இயலாமை, பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் நோயாளியைக் கீழே இறக்கவேண்டும். நுரையீரலில் நீர் கோத்தல் பெரும்பாலும் இரண்டாம் இரவிலோ அதற்கடுத்த இரவுகளிலோ வெளிப்படுவதால், முதல்நாள் நலமாயிருந்தவரும் அஜாக்கிரதையாக இருத்தல் கூடாது. பெற்ற பழக்கமும் நெடுநாள் நிலைப்பதில்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்று நான்கு வாரத்திற்குமேல் தங்கித் திரும்பும் படைவீரர், எத்தனை ஆண்டுகள் மலையில் பணிபுரிந்தவராயினும், ஆறு நாள் முதற்கட்டத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்தே மேற்கொள்கிறார். சென்ற ஆண்டு லேயில் நலமாக இருந்து வலியசாலைக்குத் திரும்பியவர், இவ்வாண்டு மறுபடி செல்லும்போதும் அவ்வாறே தொடங்கவேண்டும்.