செக் இன்ஜின் லைட் எரியுதா? இ.ஜி.ஆர் வால்வை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

திருப்பூரில் ஒரு பனியன் துணி கடைக்குப் போவதற்கு முன் ஊரையே ஒரு சுற்று சுற்றிவிடும். நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரின்டிங், தையல் என ஒவ்வொரு வேலையும் ஒவ்வோர் இடத்தில் நடக்கும். ராயபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளில் இந்த வேலைகளுக்காக ஓடும் டீசல் கார்களும் சின்ன லோடு வண்டிகளும் ஒரே மூச்சில் போவது ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

இப்படி ஓடும் டீசல் வண்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் தொல்லைதான் இ.ஜி.ஆர் கோளாறு. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். பிக்கப் குறையும். ஐடிலிங்கில் வண்டி உதறும். மேடு ஏறும்போது கறுப்புப் புகை தள்ளும். மைலேஜும் அடிவாங்கும். 'வால்வு போச்சு, மாத்திடலாம்' என்று உடனே தலையாட்டினால் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். பல நேரம் அந்தச் செலவே தேவைப்படாது.

இ.ஜி.ஆர் என்ன செய்கிறது?

சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் அமைப்பு இது. எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் குறைவு. அது புதுக் காற்றோடு கலக்கும்போது இன்ஜினுக்குள் எரியும் வெப்பம் தணிகிறது. வெப்பம் தணிந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சு வாயு உருவாவது குறையும். மூச்சுக்குழாயைப் பாதித்து, ஆஸ்துமாவை மோசமாக்கும் வாயு இது.

டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு வரை வெளியிடலாம் என்றது பி.எஸ்-4 விதி. 2020 ஏப்ரல் 1-ல் வந்த பி.எஸ்-6 அதை 0.08 கிராமாகக் குறைத்தது. அதனால் இ.ஜி.ஆருக்குப் பொறுப்பு கூடிவிட்டது.

கரி ஏன் சேருகிறது?

இன்ஜின் சூடாகாத நிலையில் டீசல் முழுமையாக எரியாது. அந்தக் கரியும் இன்ஜினில் இருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்து தார் போல வால்வில் ஒட்டிக்கொள்ளும். வால்வு திறந்த நிலையில் சிக்கினால் உதறலும் கறுப்புப் புகையும் வரும். மூடிய நிலையில் சிக்கினால் ஓட்டுபவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால், நச்சு வாயு கூடிக்கொண்டே போகும்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

1. முதலில் ஸ்கேன். கோடைக் குறித்துக்கொள்ளாமல் அழிக்கச் சொல்லாதீர்கள். பி0401 என்றால் இ.ஜி.ஆர் வழியாகப் போகும் புகை போதவில்லை, பி0402 என்றால் அதிகம். பி0403 வந்தால் மின்சுற்றைப் பார்க்க வேண்டும்.

2. அடுத்து வயரிங், கனெக்டர், பேட்டரி வோல்டேஜ். வேக்குவத்தில் இயங்கும் வால்வு என்றால் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் ஒரு ஹோஸை மாற்றினாலே வேலை முடிந்துவிடும்.

3. ஏர் ஃபில்டரும் எம்.ஏ.எஃப் சென்சாரும். உள்ளே வரும் காற்றின் அளவை வைத்துத்தான் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இ.ஜி.ஆரைக் கணக்கிடுகிறது. சென்சார் தவறாகச் சொன்னால் பழி வால்வு மேல் விழும். பஞ்சுத் தூசு பறக்கும் இடங்களில் ஃபில்டரைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

4. இதெல்லாம் சரி என்றால்தான் வால்வைக் கழற்ற வேண்டும். கரி மட்டும்தான் பிரச்னை என்றால் உரிய கிளீனர் போட்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது, மோட்டார் பகுதியில் கிளீனர் படக் கூடாது. திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போட வேண்டும். பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் வால்வின் நிலையை மறுபடி பதிவு செய்யவும் வேண்டும்.

5. சுத்தம் செய்த பிறகும் வால்வு அசையவில்லை, மோட்டார் வேலை செய்யவில்லை என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே ஒழுகலும் இல்லை, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் இ.ஜி.ஆர் கூலர் உள்ளுக்குள் கசியலாம். அந்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். தென் கொரியாவில் 2018-ல் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இந்தக் கூலர் கசிவுதான். அங்கு மட்டும் சுமார் 1,06,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

'அடைச்சு விட்டுடலாம்' என்று சொன்னால்?

ஒரு தகடு வைத்து இ.ஜி.ஆர் வழியை அடைத்துவிட்டு, சாஃப்ட்வேரில் கோடையும் மறைத்துவிடுவது சிலர் சொல்லும் குறுக்குவழி. செலவு குறைவு, பிக்கப்பும் கூடின மாதிரி இருக்கும். டீசல் வண்டிக்கான பி.யு.சி சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடை அல்ல. அதனால் சான்றிதழும் கிடைத்துவிடலாம். ஆனால், இது சட்டப்படி தவறு. மாசு விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பெரிய நிறுவனமே இதில் மாட்டியிருக்கிறது. சோதனைக்கூடத்தில் மட்டும் மாசைக் கட்டுப்படுத்தி, ரோட்டில் இ.ஜி.ஆரைக் குறைத்துவிடும் சாஃப்ட்வேரை ஃபோக்ஸ்வேகன் வைத்திருந்தது 2015-ல் அம்பலமானது. இந்தியாவில் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது அந்த நிறுவனம். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த அபராத வசூலைப் பிறகு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

மறுபடி வராமல் இருக்க...

வாரம் ஒரு முறையாவது வண்டியை அவிநாசி வழியாக நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போய், அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானால் புதுக் கரி சேர்வது குறையும். கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். பி.எஸ்-6 டீசல் வண்டிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு ஆயில் ஊற்றினால், பின்னால் இருக்கும் புகை வடிகட்டியும் சேர்ந்து அடைபடும்.

வொர்க்‌ஷாப்பில் 'வால்வை மாத்தணும்' என்று சொன்னால், 'ஸ்கேன்ல என்ன கோடு வந்துச்சு, வயரும் ஹோஸும் பார்த்தீங்களா, கழட்டின வால்வைக் காட்டுங்க' என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் தயங்காமல் காட்டுவார். அடைத்துவிட்ட வால்வின் புகையைச் சுவாசிக்கப்போவது அதே தெருவில் விளையாடும் நம் பிள்ளைகள்தான்.