கம்பளிக் கையுறையும் சிவகாசித் தீக்குச்சியும்

ஆலங்குளத்துக் கரிசல் வெயிலில் உட்கார்ந்துகொண்டு கம்பளிக் கையுறையைப் பற்றி எழுதுவது நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த பெண்ணொருத்தி லடாக்கிலுள்ள லே நகரில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறாள். தை மாதத்து இரவுகளில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரையில் இறங்குவதுண்டு. விடுமுறையில் ஊருக்கு வந்தவள், வெடித்துப்போன விரல்களைக் காட்டி, "கம்பளி என்று சொல்லித்தான் விற்றார்கள், ஸார்" என்று ஒரு ஜோடி கையுறையை என் முன் வைத்தாள்.

நம் பக்கத்தில் தீக்குச்சிக்கா பஞ்சம்? ஓர் இழையைப் பிரித்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினேன். அது உருகிக் கறுத்து, கெட்டியான மணியாகத் திரண்டது. அக்ரிலிக்! பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் செயற்கை இழை. அசல் கம்பளியானால் மெதுவாகக் கருகும். தீயை விலக்கினால் தானே அணையும். மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். நம் தலைமயிரும் நகமும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெராட்டினால் ஆனதல்லவா அது?

கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் சுருள்களுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே கையின் சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் அது நனைந்ததாகத் தெரியாது. கை வியர்த்தாலும் சில்லிடாமலிருப்பது இதனால்தான்.

நம் வேம்பூர்ப் பொட்டாட்டுக்கு இந்தப் பாக்கியமில்லை. அதன் உடம்பில் இருப்பது வெறும் மயிர். வெயிலுக்கு அதுவே ஏற்றது. தமிழ்நாட்டில் நல்ல கம்பளி தருவது, கோயமுத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய அயல் ஜாதிகள் கலந்து 19-ம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆடு. மேய்ச்சல் நிலம் குறையக் குறைய அதுவும் அருகிவிட்டது. சாண்டிநல்லாப் பண்ணையில் இனத்தைப் பேணி வருகிறார்கள்.

அந்தப் பெண்ணின் கதையில் விசித்திரம் என்னவென்றால், லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து வெள்ளாடுகளின் அடிமயிர்தான் உலகம் கொண்டாடும் பஷ்மினா. நம் தலைமயிரின் பருமனில் ஐந்திலொரு பங்குகூட இராது! அதன் அருகிலேயே வசித்துக்கொண்டு இவள் பெட்ரோலியத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பஷ்மினா மெல்லியது, விலையும் அதிகம். அன்றாட வேலைக்குச் செம்மறிக் கம்பளியே போதும் என்றேன். நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் சேர்ந்திருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு உதவும். இறுக்கமாக இருக்கலாகாது, மணிக்கட்டு மூடவேண்டும். வெந்நீரில் கசக்கித் துவைத்தால் இழைகள் பின்னிச் சுருங்கிக் குழந்தைக்குத்தான் ஆகும்.

போன வாரம் கடிதம் வந்தது. லே கடைத்தெருவில் கையால் பின்னிய ஜோடியொன்றை எடுத்து, கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்க ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தாளாம். சாம்பல் பொடிந்ததாம்.