புதன்கிழமை இரவு 11.59

சோமனூரில் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளில் வீடியோ பாடம் கேட்பது எளிதில்லை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கிருந்து கோவைக்குப் படிக்கப் போகும் பிள்ளை என்பிடெல் இணையப் படிப்பில் சேர்ந்திருந்தால், வார அசைன்மென்டைப் பொதுவாகப் புதன்கிழமை இரவு 11.59-க்குள் அனுப்பியாக வேண்டும்.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் என்பிடெல். முதலில் வகுப்பு வீடியோக்கள் மட்டும் இருந்தன. கெடு, நேரில் எழுதும் தேர்வு, சான்றிதழ் எல்லாம் 2014-ல் வந்தன. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளே கணக்கு. அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. வீட்டில் விசேஷம், காய்ச்சல் என்று 4 வாரம் தவறினாலும் படிப்பு கைவிட்டுப் போகாது. கண்டிப்பும் கருணையும் அளவாகக் கலந்த நல்ல ஏற்பாடு.

வாராவாரம் கேள்வி கேட்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ்; படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே கூடுதலாக ஞாபகம் இருந்தது.

என்பிடெல் போக, கல்லூரிகள் தங்கள் பாடத்தையே இணையத்தில் நடத்தக் காசில்லாமல் நிறுவிக்கொள்ளும் மூடுல் மென்பொருளை 2002-ல் வெளியிட்டவர் மார்ட்டின் டூகியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ரேடியோ வழியாகப் பள்ளிப் பாடம் கேட்டு வளர்ந்தவர். மூடுலில் பாடத்தைச் செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாடிவினாவையும் நெட் இல்லாமல் எழுதி, பிறகு அனுப்பலாம். தறி நின்ற நேரத்தில் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் பல கல்லூரிகளில் இந்த வசதியெல்லாம் தூங்குகிறது. பிடிஎஃப் ஏற்றும் அலமாரியாகவே மூடுல் கிடப்பது வருத்தம் தருகிறது.

ஆசிரியர் பார்க்க வேண்டிய பட்டியல் ஒன்று மூடுலுக்குள்ளேயே இருக்கிறது. மாணவர் பெயருக்கு நேரே, கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும்: ஒருவருக்கு 2 மணி நேரம், இன்னொருவருக்கு 12 நாள். பழைய விசைத்தறிகள் பலவற்றில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்காது. ஓட்டுகிறவர் கண்ணில் பட்டு, முடிச்சுப் போட்டால்தான் துணி தப்பும். அந்த 12 நாளும் அப்படித்தான், யாராவது பார்த்தாக வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் பின்தங்கும் மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள் விளக்குக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் படிப்பை விடுவோர் குறைந்தனர் என்ற கணக்கைப் பிற்பாடு ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். விளக்கு எரிந்தால் போதாது, அதைப் பார்த்து ஒருவர் போன் செய்ய வேண்டும்.

ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை, என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் ஸ்வயம் தளத்தின் இணையப் படிப்புகளை ஏற்கலாம் என்று யுஜிசி 2021-ல் அனுமதித்தது. முன்பு அது 20 சதவீதம். என்பிடெல்லில் கல்லூரி வழியாகச் சேர்ந்த மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அவர்களின் அசைன்மென்ட் மதிப்பெண்ணை அவரால் பார்க்க முடியும். அதைப் பார்த்துப் போன் செய்யும் வேலையை அவருடைய டைம்டேபிளில் ஒரு பீரியடாகவே கல்லூரிகள் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.